பேருக்குத்தான் ஆயில்

உதவிக்கு வந்த மாப்பிள்ளையைப் பதினோரு நாளாக அந்த வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட விடவில்லை. மாமனாருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம் என்று நூலகத்தில் மூன்று வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியோடு வந்து இறங்கியிருந்தான். தண்ணீர் வாளியைத் தொட்டால், "ஐயையோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை" என்று எங்கிருந்தோ ஒரு கை வந்து பிடுங்கியது. துடைப்பத்தை இவன் பார்த்தாலே போதும், அது இடம் மாறிவிடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கல்யாணமாகி மூன்றே மாதம் ஆகியிருந்ததால் இவன் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை.

அப்படி உட்கார வைக்கப்பட்ட மனிதன் ஏதாவது செய்யத்தான் செய்வான். போன ஞாயிற்றுக்கிழமை இவன் செய்தான்.

அன்று சாயங்காலம் மாமனார் தன் இருபத்தாறு வயதுக் காரின் பானட்டைத் திறந்து, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அந்தக் காருக்கு வீட்டில் பெயர் மகாராணி. "பிரேக் ஆயில் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும்மா. பார்க்கணும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் பார்க்கும்வரை மகாராணி காத்திருப்பானேன்? ஷெட்டு அலமாரியில் 'ஆயில்' என்று எழுதிய தகர டின் ஒன்று இருந்தது. பதினைந்தாயிரம் புத்தகங்களை வகை பிரித்து அடுக்கிய நூலகருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் எல்லாம் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு பதிப்புகள். 'பிரேக்' என்று மூடியில் எழுதியிருந்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தானே கண்டுபிடித்தான், தானே திறந்தான், மேல் கோடுவரை ஊற்றினான், தாராள மனசோடு ஒரு விரற்கடை கூடவும் ஊற்றினான். யாரிடமும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டக்கூடாது என்பது அவன் கொள்கை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமனாரின் தங்கை கருவிப் பெட்டியோடு வந்து இறங்கியபோதுகூட அந்தக் கொள்கை மேல் அவனுக்கு மதிப்பு இருந்தது.

அத்தை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள் சந்தைப் பக்கம் சொந்தமாகக் கார் பட்டறை நடத்துகிறவள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைப்பாள் என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். அப்படி அவள் வைத்து இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாளாம். அதில் ஒரு தடவை எதிரே நின்ற ஆள் ஊரை விட்டே போய்விட்டானாம்.

விஷயம் இதுதான். மதியம் மூன்று மணிக்குக் கீழே நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் மாமனார் இருக்க வேண்டும். படுக்கை பிடித்து வைக்க மாமியார் முந்தின நாளே போய்விட்டாள். ஒரு கண்ணில் ஏற்கெனவே வெளிச்சம் மட்டும்தான் மிச்சம், மற்றது பாதி. இந்தத் தேதி தவறினால் அடுத்தது இரண்டரை மாதம் கழித்து. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி, பதினான்கு வளைவு கொண்ட மலைப் பாதையில் மனைவி காரை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெருமுனையில் பன்னிரண்டு பத்துக்கு ஒரு பஸ் உண்டு, அதை விட்டால் நாலு மணிக்கு. ஆனால் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மாமனார், இன்னொருத்தன் ஓட்டுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற பாவம் தனக்கு வேண்டாம் என்று சத்தியம் செய்திருந்தார்.

அத்தை காருக்கு அடியிலிருந்து அட்டையை இழுத்தாள். சனிக்கிழமை மாமனார் விரித்து வைத்த பழைய பெட்டி அட்டை. அதில் மூன்று கறைகள்.

"பச்சை. ரேடியேட்டர் தண்ணி" என்றாள். "ஓஸ்ல கிளிப் தளர்ந்திருக்கும்."

"அது எனக்கே தெரியும்" என்றார் மாமனார்.

"தெரிஞ்சா என்னை எதுக்குண்ணா கூப்பிட்டே?"

"எனக்குத் தெரிஞ்சதை வேற யாராவது சொன்னாத்தானே உன் மருமக நம்புறா."

"அத்தை, அவருக்குப் பதில் சொல்லிட்டு இருந்தா சாயங்காலம் ஆயிடும்" என்றாள் மனைவி.

"இது கறுப்பு, எஞ்சின் ஆயில்." மூன்றாவது கறை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவருக்கு நேர் கீழே, ஓட்டுநர் பக்கம் இருந்தது. நிறமே இல்லை. ஓரம் காய்ந்து, நடுவில் மட்டும் ஈரம். அத்தை அதைத் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். "மூஞ்சியைக் கழுவாம வேர்வை எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியாது. வேஸ்ட் துணி கொண்டா. பவுடர் டப்பாவும் கொண்டா."

"என்ன பவுடர் அத்தை?"

"நீ மூஞ்சிக்குப் போடுற பவுடர்."

எஞ்சினைத் துடைத்துக் காயவைத்து, அதன் மேல் பவுடரைத் தூவினாள். மகாராணி மேக்கப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் ஓடினாள். வெள்ளைப் பூச்சின் மேல் கசிவு கோடு இழுத்துக் காட்டியது. ஓஸின் வாயிலிருந்து பச்சையாக ஒன்று. மேல்மூடி விளிம்பிலிருந்து கறுப்பாக இன்னொன்று. மூன்றாவது இடத்தில் பவுடர் பவுடராகவே இருந்தது. பிரேக் டப்பாவுக்குக் கீழே, சுவரில் மட்டும் பெயின்ட் சின்னதாகப் பொரிந்திருந்தது.

அத்தை டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "பிரேக் ஆயில் பட்டாத்தான் பெயின்ட் இப்படிப் பொரியும். ஆனா டப்பா நிறைஞ்சு வழியுற மாதிரி இருக்கு. ஒழுகுற பானை எங்கேயாவது தானா நிறையுமா?" திரும்பினாள். "யாராவது இதுல எதையாவது ஊத்துனீங்களா?"

"நான் தொடலை" என்றாள் மனைவி.

"நானும் இல்ல" என்றார் மாமனார்.

அத்தையின் பார்வை மாப்பிள்ளையிடம் வந்தது. கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர் இருந்தது.

"இல்ல" என்றான் அவன்.

தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. அளவுக்கு மேல் ஊற்றியதற்காகத் திட்டுவாள் என்று நினைத்தான், அவ்வளவுதான். மருமகன் ஸ்தானத்தில் இருந்துகொண்டு ஒரு விரற்கடை ஆயிலுக்காகத் திட்டு வாங்குவானேன்?

"ஞாயித்துக்கிழமை நான் பார்த்தப்போ குறைஞ்சுதான் இருந்துச்சு" என்றார் மாமனார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "திங்கக்கிழமை பார்த்தா நிறைஞ்சிருக்கு. என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்றது."

"புரைக்கண்ணுண்ணா. அது என்ன பண்ணும்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளைக்கு சுருக்கென்று முதல் குத்து அப்போதுதான் விழுந்தது. கிழவரின் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது.

அத்தை மனைவியை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பெடல் கல் மாதிரி நின்றது. கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. "சரி. மட்டம் குறையலை, யாரும் ஊத்தலை, பெடலும் இறங்கலை. அப்போ அது பழைய பொரிசல். அட்டையில இருக்கிறது வேற ஏதோ."

தர்க்கம் என்று பார்த்தால் ஓட்டையே இல்லாத தர்க்கம். அஸ்திவாரத்தில் மட்டும் இவனுடைய ஒரு 'இல்ல' இருந்தது.

அத்தை ஓஸின் வெடித்த நுனியை வெட்டி எறிந்து, புதுக் கிளிப் போட்டாள். எஞ்சின் ஆறியதும் மேல்மூடியைக் கழற்றி, விறைத்துப்போன பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தாள். அப்போது மனைவி கை துடைக்க ஒரு துணியை எடுத்து, போகிற போக்கில் பிரேக் டப்பா மூடியைத் துடைக்கப் போனாள்.

"அந்தத் துணியாலே வேண்டாம்" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "அதுல எஞ்சின் ஆயில் இருக்கு."

"இதுவும் ஆயில்தானே அத்தை?"

"பேருக்குத்தான் ஆயில். எவனோ ஒரு புண்ணியவான் பிரேக் ஆயில்னு பேர் வச்சுட்டுப் போயிட்டான். அது எண்ணெய்ச் சாதியே இல்ல. அதுக்குள்ள நிஜ ஆயில் கொஞ்சம் போனாலும் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊறிப் பெருத்துடும்."

"பெருத்தா?"

"மலையில முதல் ரெண்டு வளைவுக்கு நல்லாப் பிடிக்கும். அப்புறம் பிடிச்சதை விடாது. விடாம சூடேறும், உள்ளே கொதிக்கும். அதுக்கப்புறம் பிடிக்கவே பிடிக்காது." பேக்கிங்கை ஊதிப் பார்த்தாள். "பத்தாவது வளைவுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

மாப்பிள்ளை ஷெட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அதுவரை பழமொழியாக மட்டுமே தெரிந்திருந்தது. மணி பதினொன்று பத்து.

சொல்லிவிடலாம். ஒரே வரிதான். வாயைத் திறந்தான். "அத்தை, ஒரு பொதுவான சந்தேகம்" என்று வந்தது.

"கேளுங்க மாப்பிள்ளை."

"அந்த மாதிரி... யாராவது தெரியாம ஊத்தியிருந்தா, வண்டியைப் பார்த்தே கண்டுபிடிச்சிட முடியுமா?"

"மூடியைத் திறந்தாத் தெரியும். ஆனா எந்த மடையன் ஊத்தப்போறான்? பட்டறையில இருபது வருஷத்துல ஒருத்தனும் ஊத்தினதில்லை."

இருபது வருஷச் சரித்திரத்தில் முதல் ஆள் தான்தான் என்று தெரிந்தது. வேறு வழியாகப் போய்ப் பார்த்தான். மாமனார் பையில் துண்டு, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பஸ்ல போனா என்ன? காத்தோட்டமா இருக்கும்."

"நான் ஓட்டின பஸ்ஸுல எனக்கே டிக்கெட்டா? மாப்பிள்ளை, நீங்க நல்லா தமாஷ் பண்றீங்க."

மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"பவுடர் பறந்துச்சுல்ல" என்றான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் அந்த வகுப்பில் சேரவே தகுதியில்லை என்பது இவனுக்கே தெரிந்தது. மணி பதினொன்று நாற்பது. புதுப் பேக்கிங் உட்கார்ந்துவிட்டது. அத்தை மூடியின் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றாய்க் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள்.

மனைவி தெருமுனைவரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வரும்வரை அவன் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை. "அப்பா, பிரேக் பிரமாதம். லேசாத் தொட்டாலே நிக்குது."

"மகாராணின்னா சும்மாவா" என்றார் மாமனார்.

அத்தை மட்டும் கார் நின்ற இடத்தைப் பார்த்தாள். ஷெட்டு வாசல் சரிவு. "கியர் எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன்."

"அப்போ ஏன் உருளாம நிக்குது?"

"ஹேண்ட் பிரேக் போட்டிருப்பேன் அத்தை." மனைவி குனிந்து பார்க்கக்கூட நேரமில்லாமல் பைகளைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருந்தாள். அத்தை வாட்சைப் பார்த்தாள், கசிவு பார்க்க மறுபடி திறந்து வைத்த பானட் பக்கம் பார்த்தாள், பிறகு கை கழுவக் குழாய்ப் பக்கம் நடந்தாள்.

மணி பன்னிரண்டு ஆகி ஒரு நிமிஷம். மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார். "மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"பானட்டை மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்க பார்த்துச் சொல்லுங்க. பிரேக் ஆயில் கோடு வரைக்கும் இருக்கா? எல்லாரும் இருக்குன்னுதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமையிலேருந்து மனசுக்குள்ள அதுவே உறுத்துது. என் கண்ணை நம்ப முடியலை. உங்க கண்ணு நல்ல கண்ணு."

பதினோரு நாளில் அந்த வீட்டில் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை அது.

அவன் முன்பக்கம் போனான். பழுப்பேறிய பிளாஸ்டிக்குக்குள் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை மேலே அமைதியாக நின்றது அவன் செய்த உதவி. 'இருக்கு மாமா' என்று சொன்னால் பானட்டை மூடிவிடலாம். அந்தப் பக்கம் மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தினாள். சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

"நான்தான் ஊத்தினேன்" என்றான்.

எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? முதல் தடவைதான் கஷ்டம் என்பார்கள், இவன் அதையே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பானட்டை இறக்கிவிட்டு, காரின் நேர் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, "ஆஃப் பண்ணு" என்று சைகை காட்டினான். மனைவி அணைத்தாள். அந்த நிசப்தத்தில் சொன்னான்.

"பிரேக் டப்பாவுல நான்தான் ஊத்தினேன். ஞாயித்துக்கிழமை."

அத்தை ஈரக் கையோடு வந்தாள். "எதை ஊத்தினீங்க?"

"ஆயிலை."

"எந்த ஆயிலை?"

"ஆயில்னு எழுதியிருந்த ஆயிலை."

அத்தை பெட்டியில் வைப்பதற்காக எடுத்த ஸ்பானரை, சத்தமே இல்லாமல், தரையில் வைத்தாள்.

பானட்டைத் தூக்கி, டப்பாவின் மூடியைத் திருகினாள். உள்ளேயிருந்த ரப்பர் வளையம், மழையில் நனைந்து உப்பிய புத்தக அட்டை மாதிரி நெளிந்து வெளியே வந்தது. மறுபடி பொருத்திப் பார்த்தாள், உட்காரவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஊசி போடாத சிரிஞ்சால் டப்பாவிலிருந்து உறிஞ்சி நாலு சொட்டு விட்டாள். "பிரேக் ஆயிலா இருந்தா தண்ணியில கரைஞ்சுடணும்" என்றாள்.

நாலு பேரும் டம்ளரைப் பார்த்தார்கள். மாமனார் கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டம்ளருக்கு அரை விரல் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். நாலு சொட்டும் மேலே வந்து, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, ஒரே பொன்வட்டமாக மிதந்தது.

"தங்கச்சி, மிதக்குதா?"

"மிதக்குதுண்ணா."

"அப்போ ஞாயித்துக்கிழமை குறைஞ்சிருந்தது நிஜம்."

"நிஜம்தான்."

மாமனார் நிமிர்ந்தார். பதினான்கு வளைவும், பத்தாவது வளைவும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மகளும் எல்லாம் பிறகு வரட்டும் என்பது போல முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே. என் கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு. அப்போ ஆபரேஷன் எதுக்கு?"

"அப்பா, இறங்குங்க" என்றாள் மனைவி. "பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம் இருக்கு."

"பஸ்ஸா?"

"இறங்குங்கன்னேன்."

அவள் கணவனைப் பார்த்தாள். கல்யாணமான மூன்று மாதத்தில் அந்தப் பார்வையை அவன் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் பின்சீட்டைக் கையால் காட்டினாள்.

"பையைத் தூக்குங்க."

தூக்கினான். மூன்று பையையும் ஒன்றாகத் தூக்கினான். தெருவில் அவன் முன்னால் ஓட, அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பஸ் முனையில் திரும்பி நின்றுவிட்டுக் கிளம்பப் பார்த்தது. பைகளோடு அதன் முன்னால் போய் நின்றான். ஒரே நாளில் இரண்டாவது வண்டிக்கு முன்னால் நிற்கிறோம் என்று தோன்றியது. டிரைவர் சொன்னதை எழுத முடியாது. ஆனால் பஸ் நின்றது.

மாமனார் ஏறினார். ஏறிய மூன்றாவது நொடியில், "தம்பி, கிளட்ச்சுல காலை ஊனி வைக்காதே" என்று டிரைவருக்குச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. மனைவி படியில் நின்று பைகளை வாங்கிக்கொண்டாள்.

"காலையில கேட்டப்பவே ஏன் சொல்லலை?"

அவனிடம் பதில் இருந்தது. மரியாதை, மருமகன் ஸ்தானம், கொள்கை என்று நிறைய இருந்தது. "பயம்" என்றான்.

பஸ் நகர்ந்தது. அவள் படியிலிருந்து இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது அத்தை முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள். "இங்கே வா" என்றாள். "கையை வை. தொடாதே, பக்கத்துல வை." சக்கரத்தின் நடுவிலிருந்து அனல் அடித்தது. "தெருமுனைக்குப் போய் வந்ததுக்கே இது. ஊறின ரப்பர் பழைய கசிவைக்கூட அடைச்சிடுச்சு, அதான் எனக்குச் சொட்டு கிடைக்கலை. நீ ஊத்தினது ஒரு தப்பு. அதைத் தெரியாம செஞ்சே."

இரண்டாவது தப்பு எது என்று அவள் சொல்லவில்லை. தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தாள். சட்டையைக் கழற்று என்று ஒரு பழைய பட்டறைச் சட்டையை எறிந்தாள். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில், நாலு சக்கரத்தில், நடுவில் போகிற ஓஸில் ரப்பர் என்று பெயர் உள்ள அத்தனையையும் மாற்ற வேண்டும், குழாய் முழுக்க ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும், பட்டறைக்கு ஆள் போய்ச் சாமான் வந்தாக வேண்டும், நாலு நாள் வேலை. "லீவு இன்னும் எத்தனை நாள்?"

"பத்து."

"போதும். முதல்ல அந்த டின் மேல ஒழுங்கா எழுது."

அவன் எழுதினான். 'எஞ்சின் ஆயில். எஞ்சினுக்கு மட்டும்.' எழுதிவிட்டு, நூலகப் பழக்கத்தில் கீழே தேதியும் போட்டான்.

ஆறு மணி வாக்கில் அவன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது அத்தையின் போன் அடித்தது. அவள் பேசிவிட்டு, குனிந்து போனை அவன் காதோடு வைத்தாள். அவன் கை இரண்டும் கறுப்பாக இருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு" என்றது மாமனாரின் குரல். "கட்டுப் போட்டிருக்காங்க. நாளைக்கு அவிழ்ப்பாங்க. நீ இப்போ என்ன பண்ணிட்டு இருக்கே?"

"பின்சக்கரத்து ரப்பரைக் கழட்டிட்டு இருக்கேன் மாமா."

போனுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"உன்கிட்ட மகாராணியை யார் குடுத்தா?"

"அத்தை."

"அவ பக்கத்துலயே நிக்கட்டும். ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது. சொல்லிடு."

போன் வைக்கப்பட்டது. அத்தை அதைப் பையில் போட்டுக்கொண்டாள். "என்ன சொன்னார் அண்ணன்?"

"திட்டினார்."

"என்னன்னு?"

"நீங்க போய், நீன்னு" என்றான்.

அத்தை காருக்கு அடியில் கையை நீட்டி, பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரைக் கொடுத்தாள்.